மாவுப் பொட்டலம்

பொள்ளாச்சியில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்,
"பானைக்கு டிக்கெட் உண்டா?"
திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.
பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
செருப்பைத் திருப்பிக் கொடுக்கலாம், சீலையைக் கொடுக்கலாம்,
எல்லை தாண்டிப் போய்
நூற்றெண்பது ரூபாய்ப் பானையையா?

ரூபாய் இல்லை விஷயம்.
ஒன்பது நாளாக என் ஜெராக்ஸ் கடை மூலையில்
பானைக்கு அடியில் தட்டு, தட்டுக்கு அடியில் துணி,
துணியையும் தாண்டிக் காகிதக் கட்டு வரைக்கும்
நாக்கு நீட்டி வந்தது ஈரம்.
யாரோ ஒருத்தரின் பட்டா நகலில்
கிழக்கு எல்லை ஊறிப்போனது.
அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கோபாலபுரம் தாண்டியதும் பேச்சு மாறவில்லை,
பலகைகளில் எழுத்து மட்டும் உருண்டுகொண்டது.
தென்னை மண்டைகளில் கள்ளுக் கலயங்கள்
கவிழ்ந்த காதுகளாய்.
கணவாய்க் காற்று பஸ்ஸுக்குள் புகுந்து
பானை வாயில் ஊதியது.
ம்ம்ம் என்றது பானை.
முன் சீட்டுக் குழந்தை எழுந்து நின்று பார்த்தது.
பாலத்துக்குக் கீழே வாய்க்கால்.
அதில் வரவேண்டிய தண்ணீருக்காக
இரண்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க
நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது.

வண்ணாமடையில் ஏறியவள்
போனில் தன் பேரைத் தானே சொல்லிப் பேசினாள்.
"பாத்துமுத்து வந்துட்டே இருக்கான்னு சொல்லு."
கையில் தோசைமாவுப் பொட்டலம், ஓரம் கிழிந்து
விரலிடுக்கில் வழிந்தது.
"அக்கா, கொஞ்சம் இதுக்குள்ள வெச்சுக்கட்டுமா?"
நான் தலையாட்டும் முன்பே வைத்துவிட்டாள்.
ஓட்டைப் பானைக்கு வந்த மரியாதை.
நாலு நிறுத்தம் தள்ளி எடுத்துக்கொண்டு இறங்கினாள்,
பாதி மாவை எனக்கே விட்டுவிட்டு.

செட்டிக்களத்தில் மூன்று தெருவும் களிமண்.
மின்சாரச் சக்கரம் கொசு மாதிரி இரைந்தது.
திருச்சூருக்குப் போகும் தேநீர்க் குவளைகளை
வைக்கோலில் புதைத்துக்கொண்டிருந்தார்கள்,
ஆயிரத்து இருநூறு, நாளைக் காலை லாரி.
ஓபுலம்மா நிமிரவே இல்லை.
வீட்டாரோடு தெலுங்கு, லாரிக்காரனோடு மலையாளம்,
என்னோடு தமிழ், மூன்றிலும் அவசரம்.

பானையை வாங்கி விரல் முட்டியால் தட்டினாள்.
காதை வைத்தாள்.
குழாயடியில் கழுவிக் கழுத்து வரை நிரப்பி
வெயிலில் காய்ந்த செங்கல் மேல் வைத்தாள்.
"ஒழுகட்டும், பார்க்கலாம்."

பார்த்தோம்.
செங்கல் சிவப்பாகவே இருந்தது.
ஒரு டீ குடித்தேன். செங்கல் சிவப்பாகவே இருந்தது.
குவளைகளில் நானூறு புதைந்து முடிந்தன.
ஒரு கோழி வந்து செங்கலைக் கொத்தி
ஒன்றும் இல்லை என்று போயிற்று.

"ஒன்பது நாள் ஒழுகிச்சுங்க," என்றேன்.
பொய் சொல்கிறவளின் குரல் எனக்கே கேட்டது.
என் பட்டா நகல், என் துணி, என் தட்டு
எதுவுமே சாட்சிக்கு வரவில்லை.

அவள் குனிந்து மோந்தாள்.
"இதுல என்ன வெச்சே?"
சொன்னேன்.
கைமண் முகத்தில் படச் சிரித்தாள்.
மயிரிழை விரிசல், மாவு போய் உட்கார்ந்துகொண்டது,
நாங்களே கஞ்சி ஊற்றித்தானே அடைக்கிறோம்,
பஸ்ஸில் ஒருத்தி இலவசமாய்ச் செய்திருக்கிறாள் என்றாள்.
வேறு பானை தருகிறேன் என்றும் சொன்னாள்.
எதற்கோ வேண்டாம் என்றேன்.
அப்படியானால் மூடி வாங்கு, நாற்பது ரூபாய்.
"தண்ணியக் கொட்டாதே. காயவிட்டா மறுபடி தொறந்துக்கும்."

நிறைபானையோடு திரும்பி ஏறினேன்.
அதே கண்டக்டர். இந்த முறை கேட்கவில்லை.
சோதனைச் சாவடியில் காக்கிக்காரர் மூடியைத் தூக்கி
டார்ச் அடித்தார். கள்ளா என்றார்.
தண்ணி என்றேன்.
"அங்கிருந்தா, இங்கிருந்தா?"
குழாயிலிருந்து என்றேன்.
கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்,
டார்ச் வெளிச்சம் தண்ணீரில் ஆடி
அவர் தாடையில் ஏறியது.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடியைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்தே இருந்தது.
கடைசிப் பள்ளத்தில் வாய்வழியாகக் கொஞ்சம் தளும்பியது,
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.